பாலஸ்தீன மக்களுக்காக இங்கிருந்து என்ன செய்யலாம், எது போய்ச் சேரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசாவின் பரப்பு 365 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் எல்லை 426. சென்னையை விடச் சின்ன அந்த இடத்தில் போருக்கு முன் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். காசா சுகாதாரத் துறையின் கணக்கில், கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 2025 நவம்பர் இறுதியில் 70,000-ஐத் தாண்டியது. 2025 அக்டோபர் 10 முதல் போர்நிறுத்தம் என்கிறார்கள். அதன் பிறகும் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

குண்டு விழாத ஊரில் இருந்துகொண்டு அந்த மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்து உரசிப் பார்த்திருக்கிறோம்: செய்வது போய்ச் சேருமா?

இவ்வளவு தூரத்தில் இருந்து நாம் செய்வதால் ஏதாவது நடக்குமா?

தூரம் என்று நினைக்கிறோம். 2024 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'மரியான் டானிகா' என்ற கப்பலில் சுமார் 27 டன் வெடிபொருள் இருந்தது. போய்ச் சேர வேண்டிய இடம் இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகம். வழியில் ஸ்பெயினின் கார்த்தஹேனாவில் நிற்க அனுமதி கேட்டபோது அந்த அரசு மறுத்துவிட்டது. அந்த மே மாதம் செய்தி வெளியான பிறகுதான், நம் கடற்கரையில் இருந்து என்ன போகிறது என்று பலர் முதல்முறையாக யோசித்தார்கள்.

அதற்கு முன்பே, 2024 பிப்ரவரியில், இந்தியாவின் 11 பெரிய துறைமுகங்களில் உறுப்பினர்களைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கை ஏற்றவோ இறக்கவோ மாட்டோம் என்று அறிவித்திருந்தது. இன்னும் முன்னால், 2023 அக்டோபரில், கண்ணூர் பக்கம் இஸ்ரேல் போலீசுக்குச் சீருடை தைத்துக் கொடுத்துவந்த மரியன் அப்பாரல் நிறுவனம், சண்டை ஓயும்வரை புதிய ஆர்டர் எடுப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டது. கையில் உள்ள ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். அதைச் சிலர் குறை சொன்னார்கள். எங்கள் பார்வையில், பத்து லட்சம் பேர் 'லைக்' போட்டதைவிட அந்த ஒரு தையல் ஆலையின் முடிவு கனமானது.

ஆகவே முதல் வேலை, நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பார்ப்பது. உங்கள் தொழிற்சங்கம், உங்கள் கல்லூரியின் ஆய்வு ஒப்பந்தங்கள், உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியல், உங்கள் எம்.பி. இதில் எதில் உங்கள் குரலுக்கு ஒரு காது இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள்.

பணம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். யாருக்கு?

காசாவுக்குள் ஏற்கெனவே ஆளும் கிடங்கும் வண்டியும் வைத்திருக்கும் அமைப்புக்கு. புதிதாகப் பெயர் வைத்துக்கொண்டு 'நாங்கள் எடுத்துப் போகிறோம்' என்பவர்களுக்குக் கொடுத்தால் பாதிப் பணம் எகிப்து எல்லையோடு நின்றுவிடும்.

பாலஸ்தீன செம்பிறைச் சங்கம் 1968 முதல் ஆம்புலன்சும் மருத்துவமனையும் நடத்துகிறது. 2025 மார்ச்சில் காசாவின் தெற்கு நகரான ரஃபாவில் கொல்லப்பட்ட 15 மீட்புப் பணியாளர்களில் 8 பேர் இவர்களுடைய ஆட்கள். பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகமை (செய்திகளில் அன்ர்வா என்று வரும்) 1950 முதல் பள்ளியும் மருத்துவ மையமும் நடத்திவருகிறது. உலக உணவுத் திட்டம், யுனிசெஃப் இரண்டும் உணவுக்கும் குழந்தைகளுக்கும். காயம்பட்ட குழந்தைகளின் சிகிச்சைக்கு 1991-இல் தொடங்கிய பாலஸ்தீனக் குழந்தைகள் நிவாரண நிதி. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு, 1984 முதல் இயங்கும் பாலஸ்தீனர்களுக்கான மருத்துவ உதவி அமைப்பு.

அன்ர்வா பற்றி உங்களிடம் கேட்பார்கள், பதில் தெரிந்திருக்கட்டும். 2024 ஜனவரியில், அதன் ஊழியர் சிலர் 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் பங்கெடுத்தார்கள் என்று இஸ்ரேல் குற்றம் சாட்டியது. ஐ.நா. விசாரித்து, ஈடுபட்டிருக்கக்கூடும் என்று தோன்றிய 9 பேரை நீக்கியது. காசாவில் மட்டும் அதற்கு 12,000 பேர் அளவில் ஊழியர்கள். இஸ்ரேல் நாடாளுமன்றம் 2024 அக்டோபரில் அந்த முகமைக்கு எதிராகச் சட்டம் போட்டது. 2025 மார்ச்சிலிருந்து அது சொந்தமாகச் சரக்கு கொண்டுபோக முடியவில்லை. உள்ளே இருக்கும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இந்திய அரசே ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்துவந்த அமைப்பு இது.

இன்னொன்று: 2025 முடிவில் இஸ்ரேல், எல்லைகளற்ற மருத்துவர்கள் உட்பட 30-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகளின் பதிவைப் புதுப்பிக்க மறுத்தது. எனவே பணம் போடும் அன்று, அந்த அமைப்பின் பக்கத்தில் கடந்த ஒரு மாதத்தில் காசாவுக்குள் செய்த வேலை பற்றிய அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதப் பழைய படம் மட்டும் இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஜகாத் (இஸ்லாமியரின் கட்டாயக் கொடை) பணம் என்றால், ஜகாத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்களா, அதில் நிர்வாகச் செலவு பிடிப்பார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இருந்து கார்டில் போட்டால் போகவே இல்லை. ஏன்?

நான்கு காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். 2020-லிருந்து புதுக் கார்டுகள் அப்படித்தான் வருகின்றன. வங்கிச் செயலியில் போய் இயக்க வேண்டும். கொடுத்து முடித்ததும் திரும்ப அணைத்துவிடுங்கள்.

'மாதாமாதம்' என்ற கட்டத்தை டிக் செய்திருப்பீர்கள். தானாகப் பிடிக்கும் தொகைக்கு ரிசர்வ் வங்கி தனி விதி வைத்திருக்கிறது. பல வெளிநாட்டுத் தளங்கள் அதற்கு ஏற்ப அமைக்கப்படவில்லை. ஒரு தடவைக் கொடை என்று மாற்றினால் போய்விடும். மாதாமாதம் கொடுக்க நினைத்தால் போனில் நினைவூட்டல் வைத்துக்கொண்டு கையால் செய்யுங்கள்.

பேபால் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். இந்தியக் கணக்கிலிருந்து அந்த வழி அடிக்கடி அடைபடும், கார்டு வழியையே பிடியுங்கள்.

கடைசியாக, வங்கியின் கண்காணிப்பு மென்பொருள். நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் குறிப்புப் பகுதியில் 'காசா', 'பாலஸ்தீனம்' என்று எழுதினால் தடைப்பட்டியல் சோதனையில் சிக்கி நாள்கணக்கில் நிற்கும். அமைப்பு கொடுக்கும் கொடை எண்ணை மட்டும் எழுதுங்கள். நோக்கத்தைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கான கொடைக்கு எஸ்1303 என்று தனிக் குறியீடே இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவம், பான் எண், பெறுபவரின் ஸ்விஃப்ட் எண், அமைப்பின் பதிவு எண் கையில் இருக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பது பொது வரம்பு. 10 லட்சம் ரூபாய் வரை கூடுதல் வரிப்பிடித்தம் கிடையாது.

செலவையும் சொல்லிவிடுகிறோம். 5,000 ரூபாய் போட்டால், 3.5 சதவீதம் பிடிக்கும் கார்டில் 175 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 31.50, ஆக 206.50 கூடுதலாகப் போகும். ஐந்து தடவை ஆயிரம் ஆயிரமாகப் போட்டாலும் சதவீதம் அதேதான். ஆனால் நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் ஒவ்வொரு தடவையும் நிலையான கட்டணம் உண்டு, அதனால் அந்த வழிக்கு நாலைந்து பேர் சேர்ந்து ஒரே தொகையாக அனுப்புவது மேல் என்று தோன்றும். வேண்டாம். அடுத்தவர் பணத்தை உங்கள் கணக்கில் திரட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவரவர் கார்டில் அவரவர் போடட்டும்.

வரிவிலக்கு கிடைக்குமா?

வெளிநாட்டு அமைப்புக்கு நேரே கொடுத்தால் கிடையாது. 80ஜி என்று நாம் பழகிய விலக்கு இந்தியாவில் பதிவான அமைப்புகளுக்கே. பிரிட்டனில் வரி கட்டுபவர் 'கிஃப்ட் எய்டு' கட்டத்தை டிக் செய்தால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

காசாவில் இருந்து ஒருவர் இன்ஸ்டாகிராமில் நேரடியாக உதவி கேட்கிறார். நம்பலாமா?

பெரும்பாலும் உண்மையான ஆள்தான். அதனால்தான் ஏமாற்றுக்காரர்களுக்கும் இந்த வழி பிடித்துப்போகிறது.

முதலில் பணம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோஃபண்ட்மீ போன்ற தளங்கள் காசா வங்கிக் கணக்குக்கு நேரே பணம் போடுவதில்லை. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் ஒருவர் பெயரில் திரட்டுகிறார்கள். தளம் 2.9 சதவீதமும் சிறு நிலைக்கட்டணமும் எடுக்கும். அவர் அதைப் பாலஸ்தீன வங்கிக் கணக்குக்கோ மின்பணப்பைக்கோ மாற்றுவார். உள்ளே ஏடிஎம்கள் செத்துவிட்டதால், கணக்கில் உள்ள எண்ணை நோட்டாக மாற்றத் தரகர் வேண்டும். 2025 கோடையில் அந்தத் தரகர்கள் 40 சதவீதம் வரை கழித்துக்கொண்டார்கள். நீங்கள் கொடுத்த 100 டாலர் 58 டாலர் மாவாகவும் எண்ணெயாகவும் மாறியது என்றால் அதில் மோசடி ஒன்றும் இல்லை; அன்றைய நிலவரம் அது. அந்த 58-ம் ஒரு குடும்பத்தின் கையில் போய்ச் சேர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

சோதிக்கும் முறை: புரொஃபைலில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற இடத்தில் தொடங்கிய தேதியும், எத்தனை தடவை பெயர் மாறியது என்பதும் இருக்கும். போன மாதம் தொடங்கி நான்கு தடவை பெயர் மாறியிருந்தால் விட்டுவிடுங்கள். கூடாரம், குழந்தை படங்களை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே குழந்தை மூன்று குடும்பப் பெயர்களில் வந்தால் தெரிந்துவிடும். பணம் திரட்டுபவர் யார், குடும்பத்துக்கு என்ன உறவு என்று பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். கிரிப்டோவில் மட்டும் அனுப்பு, இன்றிரவுக்குள் அனுப்பு என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொடுக்க முடியாதபோது பதில் சொல்லாமல் போவதைவிட 'இந்த மாதம் முடியவில்லை' என்று இரண்டு வார்த்தை எழுதுவது நல்லது. வாக்குக் கொடுத்துவிட்டு மறைந்துவிடாதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் அந்தச் செய்திக்காக சிக்னல் தேடி நடந்திருக்கக்கூடும்.

அரிசி, பழைய துணி, மருந்து சேகரித்து அனுப்பலாமா?

வேண்டாம். மனம் வருந்துவீர்கள் என்று தெரியும், ஆனாலும் வேண்டாம்.

இந்தியா 2023 அக்டோபர் 22-இல் விமானப்படையின் சி-17 விமானத்தில் 6.5 டன் மருத்துவப் பொருளும் 32 டன் நிவாரணப் பொருளும் அனுப்பியது. அதுவே எகிப்தின் எல் அரீஷ் வரைதான் போனது. அங்கிருந்து லாரி, சோதனை, மறுபடி இறக்கி ஏற்றல், இஸ்ரேலின் அனுமதி. கூடாரக் கம்பிகூட 'இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்' (போருக்கும் பயன்படக்கூடியது) என்று திரும்பியிருக்கிறது. சரக்கு அடுக்கிய ஒரு பலகையில் அனுமதியில்லாத பொருள் ஒன்று கலந்திருந்தால் லாரி முழுவதும் நிற்கும். பலர் வீட்டில் இருந்து வந்த கலப்பு மூட்டைக்கு அங்கே இடமே இல்லை.

தடையே எல்லைதான் என்பதை எண்களில் பாருங்கள். போருக்கு முன் நாளொன்றுக்கு 500 லாரி அளவில் போய்வந்தன. 2025 போர்நிறுத்த ஒப்பந்தத்தில் 600 என்று எழுதினார்கள். ஒரு லாரி 20 டன் அளவு ஏற்றும். இதைச் சுற்றிக்கொண்டு போக அமெரிக்கா 2024-இல் 23 கோடி டாலரில் மிதவைப் பாலம் கட்டியது. கடல் கொந்தளித்து அடிக்கடி பிய்ந்து, மொத்தம் 20 நாள் அளவில் வேலை செய்துவிட்டுக் கழற்றப்பட்டது. வானிலிருந்து போட்ட மூட்டைகளில் 2024 மார்ச்சில் பாராசூட் விரியாமல் ஐந்து பேர் செத்தார்கள். 

காசு பொருளாக மாறும் இடத்தை ஒரு உதாரணத்தில் காட்டலாம். நம் அங்கன்வாடியில் குழந்தையின் மேல்கையில் சுற்றி அளக்கும் நாடாவைப் பார்த்திருப்பீர்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, கடும் ஊட்டக்குறைவு. ஐந்து ரூபாய் நாணயம் ஐந்தை வரிசையாக வைத்த நீளம்கூட இல்லை. காசாவிலும் அதே நாடாதான். சிவப்பில் விழுந்த குழந்தைக்குக் கொடுப்பது 92 கிராம் பாக்கெட். நிலக்கடலை விழுது, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துகள் கலந்தது, ஒன்றில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், குழந்தை நேரே உறிஞ்சிக்கொள்ளும். சுத்தமான தண்ணீரும் விறகும் இல்லாத இடத்தில் அரிசி மூட்டையைவிட இது ஏன் முக்கியம் என்று புரிகிறதா? ஆறிலிருந்து எட்டு வாரச் சிகிச்சைக்கு ஒரு பெட்டி, அதாவது 150 பாக்கெட், ஏறக்குறைய ஆகும். 2025 ஆகஸ்ட் 22-இல் காசா நகரப் பகுதியில் பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டபோது, இந்தப் பெட்டிகள் எல்லைக்கு வெளியே கிடங்குகளில் இருந்தன.

எந்தப் பொருளைப் புறக்கணிப்பது? வாட்ஸ்அப்பில் நூறு பெயர் வருகிறது.

நூறு பெயர்ப் பட்டியல் இரண்டு வாரம்கூடத் தாங்காது. 2005 ஜூலையில் பாலஸ்தீனச் சிவில் அமைப்புகள் தொடங்கிய புறக்கணிப்பு இயக்கமே, ஆதாரம் வலுவாக உள்ள சில நிறுவனங்களை மட்டும் எடுத்து, எல்லோரும் அதிலேயே கவனம் வையுங்கள் என்கிறது. அவர்கள் பட்டியலில் பல ஆண்டுகள் இருந்த பூமா, இஸ்ரேல் கால்பந்துச் சங்கத்துடனான ஒப்பந்தத்தை 2024 முடிவோடு நிறுத்திக்கொண்டது. (வணிகக் காரணம் என்றது நிறுவனம். அப்படித்தான் சொல்வார்கள்.)

729 என்று தொடங்கும் பார்கோடு இஸ்ரேல் பொருள் என்பது பாதி உண்மை. அந்த எண், நிறுவனம் எந்த நாட்டில் பார்கோடு பதிவு செய்தது என்பதை மட்டுமே காட்டும். 890 இந்தியாவில் பதிவு, 479 இலங்கையில் பதிவு. இஸ்ரேலில் விளைந்ததை ஐரோப்பிய நிறுவனம் பொதி கட்டி விற்றால் 729 இருக்காது. 'விளைந்த நாடு', 'இறக்குமதியாளர்' என்ற சின்ன எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

நோன்புக் காலத்தில் இது நேரே உதவும். பெரிய, மென்மையான மெட்ஜூல் பேரீச்சை ஜோர்டான் பள்ளத்தாக்கில் இஸ்ரேலியக் குடியேற்றங்களிலும் விளைகிறது, ஜெரிகோ பக்கம் பாலஸ்தீன விவசாயிகளிடமும் விளைகிறது. ஐரோப்பாவில் குடியேற்றப் பொருளை 'இஸ்ரேல்' என்று மட்டும் போட்டு விற்கக் கூடாது, குடியேற்றத்தில் விளைந்தது என்றும் எழுத வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. இங்கே கடையில் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் அசல் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு வகை வாங்குங்கள். சவூதி, ஈரான், துனிசியா என்று பேரீச்சைக்கா பஞ்சம்?

கடை ஊழியரிடம் சண்டை போடாதீர்கள். இஸ்ரேல் வீரர்களுக்கு இலவச உணவு கொடுத்து மெக்டொனால்ட்ஸ் பெயரைக் கெடுத்தது அந்நாட்டு உரிமதாரர். தாய் நிறுவனம் 2024-இல் அவரிடமிருந்து 225 கடைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டது. அண்ணா நகர் கிளையில் பர்கர் கட்டும் பையனுக்கு இதில் பங்கு இல்லை.

சென்னையில் ஆர்ப்பாட்டம் நடத்த என்ன வேண்டும்?

சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் முன் அனுமதி. குறைந்தது ஐந்து நாள் முன்னதாக மனு கொடுக்க வேண்டும். மனுவில் இடம், தேதி, தொடங்கி முடியும் நேரம், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை, ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர்களின் பெயர், முகவரி, கைபேசி எண். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் நீதிமன்றம் போக அதுதான் ஆதாரம். நீங்கள் கேட்ட இடம் கிடைக்காமல் வள்ளுவர் கோட்டம், ராஜரத்தினம் ஸ்டேடியம் என்று வழக்கமான இடம் சொல்வார்கள். 20 பேர் வருவார்கள் என்றால் 200 என்று எழுதாதீர்கள்.

அனுமதி எப்போதும் சுலபமில்லை. 2025 ஜூலையில் மார்க்சிஸ்ட் கட்சி மும்பை ஆசாத் மைதானத்தில் கூட அனுமதி கேட்டபோது, நம் நாட்டுப் பிரச்சினையைப் பாருங்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த மாதம் அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டில் சூழல் வேறு. 2025 செப்டம்பர் 19-இல் பெரியாரிய இயக்கங்கள் சென்னையில் நடத்திய போராட்டத்தில் சத்யராஜ், பிரகாஷ் ராஜ், வெற்றிமாறன் பேசினார்கள்.

கொடி, பேனர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

பாலஸ்தீனக் கொடி மேலிருந்து கறுப்பு, வெள்ளை, பச்சை. கம்பத்துப் பக்கம் சிவப்பு முக்கோணம். முக்கோணத்துக்குள் வெள்ளை நட்சத்திரம் இருந்தால் அது ஜோர்டான். பச்சை முக்கோணமும் சிவப்புப் பட்டையும் என்றால் சூடான். இணையத்தில் கிடைத்ததை எடுத்து அச்சடிக்கும் கடைகளில் இந்தக் குளறுபடி ஏராளம்.

அரபு எழுத்து இன்னும் மோசம். பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால், சேர்ந்து ஓட வேண்டிய எழுத்துகள் தனித்தனியாக உடைந்து, இடமிருந்து வலமாகத் திரும்பி நிற்கும். தமிழில் கொம்பும் எழுத்தும் பிரிந்து கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி. அரபு தெரிந்தவரிடம் சரிபார்த்து, எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிய பிடிஎஃப் கொடுங்கள். இல்லாவிட்டால் அரபே வேண்டாம், தமிழில் எழுதுங்கள்.

பத்தடித் தொலைவுக்கு ஒரு அங்குல எழுத்து என்பது பலகை எழுதுவோர் கணக்கு. சாலைக்கு அந்தப் பக்கம், 30 அடியில் இருந்து படிக்க 3 அங்குலம். சார்ட் அட்டையில் ஆறு சொல்லுக்கு மேல் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு?

ஊருக்கு ஊர் சட்டம் வேறு. சிங்கப்பூரில் அனுமதியின்றி அயல்நாட்டுக் கொடியைப் பொது இடத்தில் காட்டுவதே குற்றம். 2024 பிப்ரவரியில், பாலஸ்தீன ஆதரவுச் சின்னமான தர்பூசணி வரைந்த குடைகளோடு அதிபர் மாளிகைக்குக் கடிதம் கொண்டுபோன நிகழ்வுக்காக மூன்று பெண்கள் மீது வழக்குப் போட்டார்கள். 2025 அக்டோபரில்தான் மாவட்ட நீதிமன்றம் விடுவித்தது. அங்கே வெளிநாட்டு நோக்கத்துக்கு நிதி திரட்டவும் பெர்மிட் வேண்டும். சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகக் கொடுப்பது பிரச்சினையில்லாத வழி.

அமீரகத்தில் உரிமம் இல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் வசூல் செய்தாலும் லட்சக்கணக்கான திர்ஹம் அபராதம் வரலாம், வேலையும் போகும். எமிரேட்ஸ் செம்பிறைச் சங்கத்தில் கொடுங்கள். பிரிட்டனில் பாலஸ்தீன ஆதரவு ஊர்வலம் சட்டப்படி சரி. ஆனால் 2025 ஜூலையில் 'பாலஸ்தீன் ஆக்ஷன்' அமைப்பு தடைசெய்யப்பட்டது. அதற்கு ஆதரவு என்று எழுதிய அட்டையைப் பிடித்ததற்கே 2,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தடை மீது வழக்கு நடந்ததால், அட்டை எழுதும் அன்றைய நிலையைப் பாருங்கள். விசாவில் இருக்கும் மாணவர்கள் இரட்டைக் கவனம். இலங்கையில் 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டு, சில வாரம் கழித்தே பிணையில் வந்தார். அந்தச் சட்டத்தைப் பற்றித் தமிழருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எம்.பி.க்கு எழுதினால் படிப்பார்களா?

பொதுவான கண்டனக் கடிதம் குப்பைக்குப் போகும். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை, ஒரு உண்மை. இப்படி: '2025 ஜூன் 12-இல் ஐ.நா. பொதுச்சபையில் காசா போர்நிறுத்தத் தீர்மானத்தை 149 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. செப்டம்பர் 12-இல் இரு நாட்டுத் தீர்வுக்கான தீர்மானத்தை ஆதரித்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று அவையில் கேளுங்கள்.' ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை என்றது. ஆக, கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றமே. தொகுதியின் பெயரும் உங்கள் முகவரியும் கடிதத்தில் இருக்கட்டும். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே கையில் கிடைத்தால்தான் கேள்வியாக மாற்ற நேரம் இருக்கும்.

ஈழத்தில் எங்களைக் கொன்றபோது யார் பேசினார்கள்? நாங்கள் ஏன் பேச வேண்டும்?

கோபம் நியாயமானது. இலங்கை விமானப்படையின் கிஃபிர் விமானங்களும் கடற்படையின் டோரா படகுகளும் இஸ்ரேலில் இருந்து வந்தவை. மறுபக்கம், மகிந்த ராஜபக்ச பல பத்தாண்டுகளாகப் பலஸ்தீன ஆதரவுக் குழுவின் முகம். முள்ளிவாய்க்காலுக்கு ஐந்து ஆண்டுக்குப் பிறகு, 2014-இல், பாலஸ்தீன நிர்வாகம் இயங்கும் ரமல்லாவில் அவருக்கு விருது கொடுத்துத் தெருவுக்குப் பெயரும் வைத்தார்கள். அதைப் பார்த்த ஈழத் தமிழருக்கு எப்படி இருந்திருக்கும்! இன்னும் பின்னால் போனால், 1970-களில் ஈரோஸ் என்ற ஈழ இயக்கத்தின் இளைஞர்களுக்கு லெபனானில் பயிற்சி கொடுத்தவர்கள் பாலஸ்தீன இயக்கத்தார். வரலாறு எந்தப் பக்கமும் நேர்கோடாக இல்லை.

ஆனால் விருது கொடுத்தது ஒரு நிர்வாகம். கான் யூனிஸ் கூடாரத்தில் இருக்கும் தாய்க்கு அந்தத் தெருவைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் பட்டதைத் தமிழர் அளவுக்குப் புரிந்துகொள்ளக்கூடியவர்களும் அதிகமில்லை. 'பாதுகாப்பு வலயத்துக்குப் போ' என்று துண்டறிக்கை போட்டு, போன இடத்திலேயே எறிகணை விழுந்தது 2009-இல் வன்னியில். அதே சொல்லைக் காசாவின் அல் மவாசியில் கேட்டார்கள். புதுக்குடியிருப்பு மருத்துவமனை தாக்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பவருக்கு காசாவின் அல் ஷிஃபா மருத்துவமனை பற்றி விளக்க வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள், ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று அதன் உள்விசாரணையே 2012-இல் ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 'மறுபடியும் செய்யாதே' என்று கேட்கும் உரிமை நமக்கு அதிகம். (தமிழ்நாட்டில் இனப்படுகொலை, ஈழத்தவர் வழக்கில் இனவழிப்பு. கூட்டு அறிக்கை எழுதும்போது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இதிலேயே ஒரு மாலை போய்விடும்.)

அக்டோபர் 7 பற்றிக் கேட்டால்?

நழுவ வேண்டாம். 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பொதுமக்களைக் கொன்றதும் பிடித்துப் போனதும் போர்க்குற்றம். இலங்கையில் இருந்து பராமரிப்பு வேலைக்குப் போனவர்களும் அன்று செத்தார்கள். இதைச் சொன்னால் பாலஸ்தீனக் குழந்தையின் பக்கம் நிற்பது பலவீனப்பட்டுவிடாது.

யூதர்களை ஏசும் ஆள் உங்கள் கூட்டத்துக்கு வந்தால் மைக்கை வாங்கிவிடுங்கள். இஸ்ரேல் அரசு செய்வது இனப்படுகொலை என்று 2025 ஜூலையில் அறிவித்த அமைப்புகளில் ஜெருசலேமில் இயங்கும் இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலமும் இஸ்ரேலிய மருத்துவர்களின் மனித உரிமை அமைப்பும் உண்டு, ஐ.நா. விசாரணை ஆணையம் அதே முடிவைச் சொன்னது அதற்குப் பிறகு, செப்டம்பரில். இஸ்ரேல் அரசு இதை மறுக்கிறது.

படங்களைப் பகிர்வதில் என்ன கவனிக்க வேண்டும்?

2024 மே மாதம் 'எல்லாக் கண்களும் ரஃபா மீது' என்ற படத்தை 4 கோடிக்கும் மேற்பட்டோர் பகிர்ந்தார்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த கூடார வரிசை. ஒரு மனிதர்கூட அதில் இல்லை. அந்த வாரம் ரஃபாவில் உண்மையான ஒளிப்படக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்த படங்கள் கீழே போய்விட்டன. எடுத்தவர் பெயர், இடம், தேதி மூன்றும் தெரிந்ததைப் பகிருங்கள். பிணத்தின் முகம் வேண்டாம். அந்தக் குழந்தைக்குப் பாட்டி இருக்கிறாள், அவளும் போன் பார்ப்பாள்.

இங்கே நிம்மதியாகச் சாப்பிடுவதே குற்றமாகத் தோன்றுகிறது.

பலருக்கும் அப்படித்தான். இரவு இரண்டு மணி வரை காணொளி பார்ப்பதால் யாருக்கும் ஒரு கவளம் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை செய்தி; படுக்கையறையில் போன் வேண்டாம். பெருநாளும் பொங்கலும் கல்யாணமும் நடக்கட்டும். காசாவிலேயே இடிபாட்டுக்கு நடுவில் காகித விளக்கு கட்டி நோன்பு திறந்தார்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை கேட்டால், 'அங்கே வீடு இடிந்துபோச்சு, உதவி செய்யறவங்க இருக்காங்க, நாமளும் அனுப்பறோம்' என்ற அளவு போதும். அனுப்பும்போது பொத்தானை அதையே அழுத்தச் சொல்லுங்கள்.

போர்நிறுத்தம் வந்துவிட்டதே, இனியும் தேவையா?

5 கோடி டன்னுக்கு மேல் இடிபாடு. அதற்குள் வெடிக்காத குண்டு. வெட்டப்பட்ட காலுக்கு வைத்த செயற்கைக் காலைக் குழந்தை வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே ஒரே தடவை 6,000 கொடுப்பதைவிட மாதம் 500 நல்லது. தலைப்புச் செய்தி மறைந்த மாதங்களில்தான் அமைப்புகளுக்குப் பணம் வற்றும்.

வருடத்தில் மூன்று தேதி குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் 30 நில நாள், 1976-இல் நிலப் பறிப்பை எதிர்த்துப் போராடி உயிரிழந்தவர்களின் நினைவு. மே 15 நக்பா நாள், 1948-இல் 7 லட்சம் பேர் துரத்தப்பட்டதன் நினைவு. நவம்பர் 29 ஐ.நா. அறிவித்த ஒருமைப்பாட்டு நாள். 1947-இல் அதே தேதியில்தான் பிரிவினைத் தீர்மானம் நிறைவேறியது, இந்தியா அதை எதிர்த்து வாக்களித்தது. சென்னையில் நவம்பர் 29-க்குக் கூட்டம் என்றால் மனு 22-ஆம் தேதிக்குள் காவல் நிலையத்தில் இருக்கட்டும். சட்டம் ஐந்து நாள்தான் கேட்கிறது, ஆனால் அது மழைக்காலம், ஆய்வாளர் வெள்ளப் பணிக்குப் போயிருப்பார். கூரையுள்ள மண்டபமாகப் பார்த்து வையுங்கள்.